நூறு அடி வாங்கும் மண்

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா எழுந்த 1828 முதல் 1830 வரையான ஆண்டுகளில் அந்தத் தெருவே சிங்கப்பூரின் கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் அலை வந்து தொடும் தூரத்தில் அதைக் கட்டினார்கள். அதே வரிசையில் அல்-அப்ரார் பள்ளிவாசலும் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும் இருக்கின்றன. கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே நன்றி சொன்னார்கள். இன்று தர்கா வாசலில் நின்றால் கடல் கண்ணுக்கே படாது. 1879இல் தொடங்கிய வேலையில், பக்கத்தில் இருந்த மவுன்ட் வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணால் விரிகுடாவைத் தூர்த்தார்கள். செசில் ஸ்திரீட்டும் ராபின்சன் ரோடும் அப்படிக் கிடைத்த நிலத்தில் போட்ட சாலைகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மறுபடியும் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் ஷென்டன் வே அமைந்தது.

ஆகவே பக்கத்துத் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உள்ள டக்ஸ்டன் குன்றிலிருந்து ஷென்டன் வே வரை ஒருவர் நடந்தால், குன்று, பழைய கரை, கடலடி, கொட்டிய மண் என நான்கு விதமான நிலத்தை அவர் கால்கள் கடக்கின்றன. மேலே எல்லாம் ஒரே நடைபாதைதான். கீழே இருப்பவை ஒன்றுக்கொன்று உறவில்லாத பூமிகள். இவற்றின் மேல்தான் தஞ்சோங் பகார் எம்ஆர்டி ரயில் நிலையம் 1987 டிசம்பரில் திறக்கப்பட்டது. அந்த நிலையத்தின் தலைக்கு மேலேயே 290 மீட்டர் உயரக் குவோக்கோ டவர் 2016இல் எழுந்தது. சற்றுத் தள்ளிக் கேன்டோன்மென்ட் ரோட்டில் 50 மாடிகளும் 1,848 வீடுகளும் கொண்ட பினக்கிள் அட் டக்ஸ்டன் நிற்கிறது. இப்படிப்பட்ட கோபுரங்களின் எடை லட்சம் டன் கணக்கில் வரும். அத்தனை பாரத்தையும் இந்த மண் எந்த ஆழத்தில் ஏற்கும் என்று அறிய, உலகம் முழுவதும் பொறியாளர்கள் முதலில் கையில் எடுக்கும் கருவி ஒரு சுத்தியல்.

அதன் எடை 63.5 கிலோ. விழும் உயரம் 760 மில்லிமீட்டர்.

கட்டுமானத் தளத்தில் துளையிடும் ரிக்கை நிறுத்தி, தண்ணீரையோ பென்டோனைட் என்ற களிமண்ணின் குழம்பையோ செலுத்தியபடி மண்ணில் துளை போடுவார்கள். மேல்மண் சரியாமல் இருக்க கேசிங் எனும் இரும்பு உறைகுழாய் இறங்கும். ஒன்றரை மீட்டரோ மூன்று மீட்டரோ இறங்கியதும் துளையிடுவதை நிறுத்திவிட்டு, ராடுகளின் நுனியில் ஒரு குழாயைப் பூட்டித் துளையின் அடிக்கு அனுப்புவார்கள். வெளிவிட்டம் 51 மில்லிமீட்டர், உள்விட்டம் 35 மில்லிமீட்டர் கொண்ட தடித்த எஃகுக் குழாய் அது. நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து திறக்கலாம். பிறகு மேலே சுத்தியல் விழத் தொடங்கும். ராட்டில் 150 மில்லிமீட்டர் இடைவெளியில் சாக்கட்டியால் மூன்று கோடுகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கோடும் தரைமட்டத்தைத் தொட எத்தனை அடி விழுந்தது என்று பக்கத்தில் நிற்பவர் எண்ணிக் குறித்துக்கொள்வார். முதல் 150 மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துளையிட்டதில் கலங்கிப்போன மண் அது. அடுத்த இரண்டு பகுதிகளுக்கான அடிகளைக் கூட்டினால் வருவது 'என்' (N) மதிப்பு. 12 என்றும் 37 என்றும் பதிவேட்டில் ஏறும். நூறு அடி விழுந்தும் குழாய் 300 மில்லிமீட்டர் இறங்க மறுத்தால், எத்தனை இறங்கியதோ அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவார்கள். பல நாடுகளில் 50 அடியோடு நிறுத்திவிடுவது வழக்கம். சிங்கப்பூரில் 100 வரை போகிறார்கள்.

தரநிலை ஊடுருவல் சோதனை என்பது இவ்வளவுதான். தளத்தில் எல்லாரும் எஸ்பிடி என்றே சொல்வார்கள். ரிக்கைச் சுற்றிச் சேறு பூசிய பூட்ஸோடு நிற்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களும் உண்டு. கோபுரத்தின் வரைபடத்தில் அவர்கள் எண்ணிய எண்கள் இருக்கின்றன.

நம் ஊரில் வீட்டுக்கு வானம் தோண்டி முடிந்ததும் கொத்தனார் கடப்பாறையை ஓங்கிக் குத்திப் பார்ப்பார். எளிதில் இறங்கினால் இன்னும் ஓரடி தோண்டச் சொல்வார். 'ணங்' என்று நின்றால் கல் அடுக்கலாம் என்பார். எஸ்பிடி அந்தக் கடப்பாறைக் குத்தேதான். குத்தும் பலத்தை எல்லா ஊருக்கும் ஒன்றாக்கி, 40 மீட்டர், 60 மீட்டர் ஆழத்திலும் குத்த வழி செய்து, இறங்கிய அளவுக்கு ஓர் எண்ணும் கொடுத்தார்கள்.

எல்லா ஊருக்கும் ஒன்றாக்குவதற்கு அரை நூற்றாண்டு ஆனது. 1902இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் கவ் என்ற ஒப்பந்தக்காரர், துளையின் அடியில் ஓர் அங்குலக் குழாயை அடித்து இறக்கி உலர்ந்த மண்மாதிரி எடுக்கத் தொடங்கினார். அதற்கு முன்பு தண்ணீரோடு கலங்கி மேலே வரும் சேற்றைப் பார்த்துத்தான் கீழே என்ன இருக்கிறது என்று ஊகித்தார்கள். கவ் தேடியது மாதிரிமண். எத்தனை அடி விழுந்தது என்பது பிறகு வந்த அக்கறை. 1920களில் குழாயின் அளவு, சுத்தியலின் எடை, விழும் உயரம் எல்லாம் மெல்ல நிலைபெற்றன. மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி 1947இல் இதற்குத் தரநிலை ஊடுருவல் சோதனை என்ற பெயரைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ரால்ஃப் பெக்குடன் அவர் எழுதிய பாடநூலில், எத்தனை அடிக்கு என்ன மண் என்ற அட்டவணைகள் வந்தன. மணல் 4 அடிக்குள் இறங்கினால் மிகத் தளர்வு, 50 தாண்டினால் மிக இறுக்கம். களிமண் 2 அடிக்குள் இறங்கினால் மிக மென்மை, 30 தாண்டினால் கெட்டி. அந்த அட்டவணைகளை இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

இந்தச் சோதனையைப் பழமையானது, முரட்டுத்தனமானது என்று ஒதுக்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகள் உண்மை. ஆனால் இதன் பெரிய பலத்தை அவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். எண்ணோடு சேர்ந்து மண்ணும் மேலே வருகிறது. குழாயைப் பிளந்தால் அந்த ஆழத்தின் மண் இரண்டு விரற்கடைப் பருமனில் கண்முன் கிடக்கும். நீலச்சாம்பல் நிறத்தில் சிப்பித் துணுக்கோடு வழுவழுவென்று இருக்கிறதா, சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இறுகிக் கிடக்கிறதா, மணலா, மக்கிய மரத்துண்டா என்று கையால் நசுக்கிப் பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். எண்ணை அந்த மண்ணோடு வைத்து வாசித்தால்தான் பொருள் கிடைக்கும். தஞ்சோங் பகாரைப் போல இதை நன்றாகக் காட்டும் இடம் வேறு கிடைப்பது அரிது.

இந்தப் பகுதியின் அடிப்படைப் பாறை ஜூரோங் பாறைத்தொகுதியைச் சேர்ந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான மணற்கல், வண்டல்கல், சேற்றுக்கல் அடுக்குகள் அவை. பூமியின் நெருக்கலில் மடிந்து, பல இடங்களில் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கின்றன. வெப்பமண்டல மழை இந்தப் பாறைகளை மேலிருந்து கீழாக மக்கச் செய்து களிமண்ணாக்கியது. 1819 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து உடன் வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை வைத்தது அந்தக் களிமண் கிடக்கும் தஞ்சோங் பகாரில்தான். மக்கிய பாறையில் பொதுவாக ஆழம் கூடக் கூட என் மதிப்பும் கூடும். மேலே 10, நடுவில் 30, கீழே 100. சாய்ந்த அடுக்குகள் இந்த ஒழுங்கைக் கெடுத்துவிடுகின்றன. மணற்கல் அடுக்கில் விழுந்த துளை 15 மீட்டரில் நூறு அடி வாங்கும். சில மீட்டர் தள்ளிச் சேற்றுக்கல் அடுக்கில் விழுந்த துளை அதே ஆழத்தில் 25 அடியில் இறங்கிவிடும். இரண்டும் ஒரே கட்டடத்தின் இரண்டு தூண்களுக்குக் கீழே இருக்கலாம்.

இன்னும் கிழக்கே, ராஃபிள்ஸ் பிளேஸ் தொடங்கி ஃபோர்ட் கேனிங் குன்று வரை உள்ள வட்டாரத்தில் வேறு விதமான சிக்கல் உண்டு. இறுகிய களிமண்ணுக்குள் பெரிய பெரிய மணற்கல் உருண்டைகள் புதைந்து கிடக்கும் படிவம் அது. ஃபோர்ட் கேனிங் பாறாங்கல் படிவம் என்று பெயர். 1980களில் எம்ஆர்டி சுரங்கம் தோண்டியவர்கள் இதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சோதனைக் குழாய் போய் ஓர் உருண்டையின் தலையில் மோதினால் சுத்தியல் நூறு அடியும் அடித்து முடிக்கும். குழாய் நகராது. பதிவேட்டில் 100 ஏறும். அதைத் தாய்ப்பாறை என்று நம்பி கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூணான பைலை அங்கேயே நிறுத்தினால், பைல் தனிக் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த எண் பொய்யில்லை. கல் கடினம் என்பதும் உண்மை. கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையமும் பொறியாளர் சங்கங்களும் 2003இல் வெளியிட்ட அறிவுறுத்தல் இந்த ஆபத்தை நேராகக் கணக்கில் எடுத்தது. 10 மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு, 300 சதுர மீட்டருக்கு ஒரு துளை அல்லது 10 முதல் 30 மீட்டர் இடைவெளிக்கு ஒரு துளை, எது அதிகமோ அது. எந்தத் தளமானாலும் மூன்றுக்குக் குறையக் கூடாது. நூறு அடி வாங்கும் கடினமான அடுக்கு வந்ததும் நிறுத்திவிடாமல் அதற்குள் இன்னும் 5 மீட்டருக்கு மேல் போகவேண்டும், அல்லது பைல் நிற்கப்போகும் மட்டத்துக்குக் கீழே அதன் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகவேண்டும். தனிக் கல்லானால் இந்தத் தூரத்துக்குள் துளை அதைக் கடந்து மறுபக்கம் மண்ணுக்குள் விழ நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இந்த விதியைப் படிக்கும்போது ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கவேண்டும். துளையின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 சதுர மீட்டர் நிலத்தில் நாம் கண்ணால் கண்டது ஏறக்குறைய 38,000இல் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் இரண்டு துளைகளுக்கு இடையே கோடு இழுத்து ஊகித்தது. அந்தக் கோட்டை இழுப்பவருக்குப் பழைய கரை எங்கே ஓடியது, குன்று எங்கே நின்றது, ஆறு எங்கே கடலில் விழுந்தது என்று தெரிந்திருந்தால் ஊகம் நேராகும். தெரியாதவர் கையில் அளவுகோல் எவ்வளவு நேராக இருந்தும் பயன் கிடையாது.

கரைக்கு அப்பால் போனால் கதையே மாறிவிடுகிறது. அங்கே இருப்பது கடல் களிமண். பனியுகத்தில் உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக உறைந்தபோது கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. இன்றைய சிங்கப்பூர் நீரிணை அன்று வறண்ட நிலம். ஆறுகள் அந்த நிலத்தை ஆழமாக அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. பள்ளத்தாக்குகளில் நுண்ணிய சேறு படிந்து நிறைந்தது. மேலடுக்குக் களிமண் கடந்த பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில் படிந்தது. அதற்கும் கீழே, ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கடல் இதேபோல் உயர்ந்திருந்தபோது படிந்த கீழடுக்கு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், கடல் வற்றியிருந்த காலத்தில் வெயிலில் காய்ந்து இறுகிய ஓர் ஓடு.

மேலடுக்கில் எஸ்பிடி குழாயை இறக்கினால் பல சமயம் சுத்தியலுக்கு வேலையே இருப்பதில்லை. ராடுகளின் எடைக்கே குழாய் தானாக இறங்கிவிடும். என் மதிப்பு பூஜ்யம். இன்னும் கீழே போனால் நடுவில் உள்ள ஓட்டில் குழாய் முட்டும். 10 அடி, 15 அடி வாங்கும். வந்துவிட்டது நல்ல மண் என்று அங்கே நிறுத்தினால் அதற்கடியில் கீழடுக்குக் களிமண் காத்திருக்கும். அங்கே எண் மறுபடியும் சரியும்.

சான் ஃபிரான்சிஸ்கோ இப்படிப்பட்ட நில அமைப்பில் பாடம் படித்த நகரம். அங்கே 2009இல் முடிந்த 58 மாடி மில்லேனியம் டவரின் பைல்கள் இறுகிய மணல் அடுக்கில் நிறுத்தப்பட்டன. சுத்தியலுக்கு அந்த மணல் நன்றாக எதிர்த்து நின்றது. மணலுக்குக் கீழே தடித்த பழைய விரிகுடாக் களிமண் இருந்தது. கட்டடத்தின் பாரம் அதை மெல்ல மெல்லப் பிழிந்தது. 2016க்குள் கோபுரம் 40 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியது, சாயவும் செய்தது. பின்னர் ஓரத்தில் தாய்ப்பாறை வரை புதிய பைல்களை இறக்கி முட்டுக்கொடுத்தார்கள். பைல் நிற்கும் மண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அந்த மண் எதன்மேல் நிற்கிறது என்றும் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பூஜ்யம் வரும் களிமண்ணில் என் மதிப்பு எதையும் சொல்வதில்லை. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசத்தை 63.5 கிலோ சுத்தியலால் காட்ட முடியாது. பொறியாளருக்கோ அந்த வித்தியாசம்தான் உயிர்நாடி. ஆகவே அங்கே வேறு கருவிகள் இறங்குகின்றன. ஒன்று, கூட்டல் குறி வடிவத்தில் நான்கு தகடுகள் பொருத்திய தண்டு. அதைக் களிமண்ணில் அழுத்திவிட்டு மெதுவாகத் திருகுவார்கள். களிமண் அறுபடும் கணத்தில் எவ்வளவு திருகுவிசை தேவைப்பட்டது என்று அளந்தால் அதன் வெட்டுவலிமை தெரிந்துவிடும். மற்றது, நெதர்லாந்தில் 1930களில் பிறந்த கூம்புச் சோதனை. 60 பாகை முனையும் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட எஃகுக் கூம்பை நொடிக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் சீராக அழுத்துவார்கள். முனையின் எதிர்ப்பு, பக்கவாட்டு உராய்வு, மண்துளைகளில் நீரின் அழுத்தம் மூன்றையும் அது இடைவிடாமல் பதிவு செய்துகொண்டே போகும். மூன்று மீட்டருக்கு ஓர் எண் தரும் எஸ்பிடி தவறவிடும் மெல்லிய மணல் படலத்தையும் கூம்பு பிடித்துவிடும். ஆனால் மண்ணை மேலே கொண்டுவராது. பாறாங்கல்லில் முட்டினால் நின்றுவிடும். ஒன்றின் குறையை மற்றது தீர்ப்பதால் நல்ல ஆய்வில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இனி, எண்ணிலிருந்து அடித்தளம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூரில் உயரமான கட்டடங்கள் பெரும்பாலும் துளையிட்டு வார்த்த கான்கிரீட் பைல்களின் மேல் நிற்கின்றன. பைலின் பாரத்தில் பெரும்பகுதியை அதன் பக்கவாட்டு மண்ணின் பிடி தாங்குகிறது. அந்தப் பிடி என் மதிப்புக்கு ஏற்பக் கூடும் என்பது அனுபவ விதி. ஒரு தோராயமாக, என் மதிப்பின் இரு மடங்கைக் கிலோபாஸ்கலில் எடுத்துக்கொள்வோம். 50 என்றால் 100 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 டன். ஒரு மீட்டர் விட்டமுள்ள பைலுக்கு ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 3.14 சதுர மீட்டர் பக்கப்பரப்பு. ஆகவே மீட்டருக்கு 31 டன். பாதுகாப்புக்காக அதை இரண்டரையால் வகுத்தால் மீட்டருக்கு 12.5 டன். 500 டன் தாங்கவேண்டிய பைலுக்குப் பக்கப்பிடியை மட்டும் நம்பினால் 40 மீட்டர் நீளம் வேண்டும்.

அந்த 50 உண்மையில் 40 என்றால் நீளம் 50 மீட்டர் ஆகிவிடும். இப்படிப் பிசகுவது அரிதான விஷயமில்லை. சுத்தியல் 760 மில்லிமீட்டர் விழும்போது 473 ஜூல் ஆற்றல் பிறக்கவேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் கயிற்றின் இழுவையிலும் மூட்டுகளின் தளர்விலும் ஒரு பகுதி வீணாகிவிடுகிறது. கயிற்றை உருளையில் சுற்றிக் கையால் இழுத்துவிடும் பழைய முறையில் பாதிதான் ராட்டுக்குப் போய்ச் சேரும். தானாகக் கொக்கி விடுபடும் சுத்தியலில் இழப்பு குறைவு. அதனால்தான் உலகெங்கும் 60 சதவீத ஆற்றலைப் பொது அளவாக வைத்து எண்களைத் திருத்துகிறார்கள். மண்பொறியியல் அறிஞர் ஸ்கெம்ப்டன் 1986இல் எழுதிய ஆய்வுரை இதற்கு வழிகாட்டியது. 60 சதவீதத்துக்குப் பதில் 48 சதவீதமே போய்ச் சேர்ந்தால், 40 அடியில் இறங்கவேண்டிய குழாய்க்கு 50 அடி தேவைப்படும். சுத்தியல் சோம்பினால் மண் பலசாலியாகத் தெரியும். இந்தப் பிழை ஆபத்தின் பக்கமாகவே சாய்வது இங்கே கவலைக்குரியது. ஆகவே துளைப்பதிவுத் தாளில் சுத்தியலின் வகையும் அளந்த ஆற்றலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். தளத்தில் சில பைல்களின் மேல் உண்மையான பாரத்தை ஏற்றிச் சோதித்துப் பார்ப்பதும் இதனால்தான் கட்டாயமாகிறது.

தூர்த்த நிலத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. மேலே கொட்டிய மண்ணின் பாரத்தால் கடல் களிமண் பல பத்தாண்டுகள் வரை சுருங்கிக்கொண்டே இருக்கும். சுருங்கி இறங்கும் களிமண் பைலைப் பிடித்துத் தாங்குவதற்குப் பதில் அதைப் பற்றிக்கொண்டு கீழே இழுக்கும். கட்டடத்தின் பாரத்தோடு இந்த இழுவையையும் பைல் சுமக்கவேண்டும். ஷென்டன் வேயிலோ மரினா பேயிலோ கட்டுபவர்களுக்கு இது அன்றாடக் கணக்கு. குன்றுப்பக்கம் கட்டுபவர்களுக்குத் தேவையே இல்லாத கணக்கு.

இந்தக் களிமண்ணைத் தவறாக வாசித்தால் என்ன நடக்கும் என்பதைச் சிங்கப்பூர் 2004 ஏப்ரல் 20 பிற்பகலில் கண்டது. வட்டப் பாதை எம்ஆர்டிக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்த பள்ளத்தின் தடுப்புச்சுவர்கள் சரிந்தன. நெடுஞ்சாலையின் ஒரு பகுதி உள்ளே விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். மற்றவர்களை வெளியேற்ற உதவிய மேற்பார்வையாளர் ஒருவரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை.

விசாரணைக் குழு கண்டறிந்த காரணங்களில் இரண்டு முதன்மையானவை. எதிரெதிர்ச் சுவர்களை உதைத்துத் தாங்கிய எஃகு உத்தரங்களின் இணைப்புகள் போதிய வலிமையோடு வடிவமைக்கப்படவில்லை. இன்னொன்று மண்ணைப் பற்றியது. களிமண்ணின் வலிமையைக் கணினி மென்பொருளில் ஏற்றியபோது அந்த மென்களிமண்ணுக்குப் பொருந்தாத முறையைக் கையாண்டார்கள். களிமண் உண்மையில் இருப்பதைவிட வலுவாகக் கணக்கில் தோன்றியது. சுவர் எவ்வளவு வளையும் என்பதை அந்தக் கணக்கு குறைத்துக் காட்டியது. அந்த இடத்தில் புதைந்த பள்ளத்தாக்கு ஒன்றும் இருந்தது. மாதக்கணக்கில் சுவர் கணக்கை மீறி வளைந்துகொண்டிருந்ததைக் கருவிகள் காட்டின. மண் தன் வலிமையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கைத் திருத்தித் திருத்திப் பொருத்திப் பார்த்து வேலையைத் தொடர்ந்தார்கள். இதை எழுதும்போது எனக்குப் பெரிய வருத்தம், அந்த எண்கள் எல்லாம் கையில் இருந்தும் நான்கு உயிர்கள் போயின என்பதுதான்.

அதற்கு 18 ஆண்டுகள் முன்பு, 1986 மார்ச் 15 அன்று, லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனையில் ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்ட் ஒரு நிமிடத்துக்குள் நொறுங்கியது. 33 பேர் மாண்டார்கள். எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பன்னாட்டுப் பொறியாளர்கள் ஓடிவந்து இடிபாடுகளுக்குள் வழி வெட்டி உயிர்களை மீட்டார்கள். அங்கே கட்டடத்தின் சொந்த எடையே கணக்கில் விடுபட்டுப்போனது. மேலிருந்து இறங்கும் பாரம் ஒரு பக்கம், கீழிருந்து தாங்கும் மண் மறுபக்கம் என்று அடித்தளக் கணக்குக்கு இரண்டு பக்கம் உண்டு. நியூ வோர்ல்டில் பிழை மேல்பக்கம். நிக்கல் நெடுஞ்சாலையில் பிழையின் பெரும்பகுதி கீழ்ப்பக்கம். முதல் விபத்துக்குப் பிறகு 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வடிவமைப்பை வேறொரு தகுதிபெற்ற பொறியாளர் சுயேச்சையாகச் சரிபார்ப்பது கட்டாயமானது. இரண்டாவதற்குப் பிறகு 6 மீட்டருக்கு மேல் ஆழமான தோண்டல்களும் 30 மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களின் அடித்தளங்களும் மண்பொறியியலில் தனித்தகுதி பெற்றவர்களின் பொறுப்பில் வந்தன.

இவ்வளவு விதிகள் இருந்தும் ஓரிடத்தில் மட்டும் தளர்வைக் காண்கிறேன். மண் ஆய்வைக் குறைந்த விலைக்கு முடிப்பவருக்குக் கொடுக்கும் வழக்கம் சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் ஒன்றுபோல் இருக்கிறது. விதி சொல்லும் குறைந்தபட்சத் துளைகளையே போதுமான துளைகள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கே துளையிடுவது என்பதைத் தளத்தின் வரலாறு தீர்மானிக்கவேண்டும். பல சமயம் ரிக்கை நிறுத்த வசதியான இடமே தீர்மானிக்கிறது. பூர்வாங்கத் துளைகளில் எண்கள் முரண்பட்டால் இடையில் இன்னும் நான்கு துளை போடப் பொறியாளருக்கு அதிகாரமும் பணமும் இருக்கவேண்டும். மொத்தக் கட்டுமானச் செலவில் மண் ஆய்வுக்கு ஆவது மிகச் சிறு பங்கு. பைலின் நீளத்தில் பத்து மீட்டர் பிசகுவதோடு ஒப்பிட்டால் நாலு துளையின் செலவை யாரும் பேசவே கூடாது.

கட்டட, கட்டுமான ஆணையம் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்தோடு சேர்ந்து தீவின் நிலவியலைப் புதிதாக ஆராய்ந்து வெளியிட்டது இந்த வகையில் எனக்குப் பிடித்த முயற்சி. ஒரு தளத்தில் எண்ணிய எண்கள் அந்தத் தளத்தின் கோப்போடு மக்கிப்போகாமல் அடுத்த தளத்துக்கும் உதவவேண்டும். செசில் ஸ்திரீட்டில் ஒருவர் போட்ட துளை, பக்கத்து மனையில் புதைந்த பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இன்னொருவருக்குச் சொல்லும்.

தஞ்சோங் பகாரில் மண் ஆய்வுக்கு அடுத்த பெரிய தேவை துறைமுகத்தில் எழப்போகிறது. முதல் கொள்கலன் கப்பல் 1972 ஜூனில் வந்து சேர்ந்த அந்த முனையம், கெப்பல், பிரானி முனையங்களோடு சேர்ந்து 2027க்குள் துவாஸுக்கு இடம்பெயரும் திட்டத்தில் இருக்கிறது. பாசிர் பாஞ்சாங்கிலிருந்து மரினா ஈஸ்ட் வரை நீளும் பெரிய தெற்கு நீர்முகப்புத் திட்டத்தில் இந்த நிலமும் அடக்கம். கொள்கலன்களை அடுக்கி வைத்த இடங்களில் அரை நூற்றாண்டுப் பாரத்தால் களிமண் ஓரளவு இறுகியிருக்கலாம். லாரிகள் மட்டும் ஓடிய பாதைகளின் கீழே அந்த அளவுக்கு இறுகியிருக்காது. ஒரே மனையில் இரண்டு விதமான நிலம் மறுபடியும் உருவாகியிருக்கும். இம்முறை அதை உண்டாக்கியது கடலோ குன்றோ இல்லை, மனிதர் வைத்த பாரம். அங்கே துளை போடுபவர்கள் பழைய கொள்கலன் வரிசைகளின் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு இடம் குறிக்கவேண்டும். ராடின் எடைக்கே குழாய் இறங்கும் மீட்டர்களில் சுத்தியலை நிறுத்திவிட்டுத் தகட்டுத் தண்டையும் கூம்பையும் இறக்கவேண்டும்.